லிஸ்பன் நிழல்

ஹேமலதா செய்த பதினெட்டடி இரும்புக் கோபுரத்தின் நிழல், ஆரணியில் ஐந்தரை மணி நேரம் தாமதமாக விழுந்தது. லிஸ்பனில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது பார்த்த ஒரு பழைய மணிக்கூண்டை மனத்தில் வைத்து அவள் வெல்டிங் செய்தது அது. பட்டறைக்குள் நிமிர்த்த இடமில்லாமல் தெருமுனையில் நிறுத்தினாள். தெருவுக்குப் பிடிக்கவில்லை. தறியில் ஏற்றும் பட்டிழைகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுகிற தெருவில் இரும்புக்கு என்ன வேலை? பொங்கலுக்குள் எடுக்காவிட்டால் காயலான் கடைக்குப் போய்விடும் என்று எதிர்வீட்டுப் பூங்காவனம் சொல்லிவிட்டாள். தெருவில் எல்லோருக்கும் பாவு நீட்டித் தருபவள் அவள்தான். அவள் சொன்னால் சொன்னதுதான். அதைக் கேட்டிருந்த சென்னைச் சிற்பக் கண்காட்சிக்காரர்களோ மாசியில்தான் லாரி அனுப்புவதாக இருந்தார்கள். ஹேமலதாவுக்கு அதுதான் முதல் கண்காட்சி.

மார்கழியில் ஒருநாள் நூல் வரத் தாமதமாகி, விடியலில் நீட்டவேண்டிய பாவைப் பகல் ஒன்றரைக்கு நீட்ட வேண்டியதாயிற்று. அந்த வெயிலில் பட்டிழை பட்பட்டென்று அறும். லிஸ்பனில் அப்போது காலை எட்டு. கோபுரத்தின் நிழல் தெரு நீளத்துக்கும் படுத்திருந்தது, ஓர் இழைகூட அறவில்லை. அதன்பின் விடியலில் எழுந்து ஓடுவதைத் தெரு மறந்தது. டிபன் முடித்து, சீரியலின் மறுஒளிபரப்பையும் பார்த்துவிட்டு, ஆடி அசைந்து பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் கோபுரத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தார்கள். இருட்டிய பிறகு நிழல் எங்கே விழுந்தது என்று யாரும் தேடவில்லை.

மாசியில் லாரி வந்தபோது தெருவே குறுக்கே நின்றது. ஹேமலதா அழுதேவிட்டாள். பூங்காவனம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

“இன்னாத்துக்கு அழுவுற? கோபுரத்த எடுத்துகினு போ. நெழல மட்டும் உட்டுட்டுப் போ.”

அப்படியே ஆயிற்று. சென்னையில் எந்தப் பக்கம் விளக்குப் போட்டாலும் கோபுரத்துக்கு நிழல் விழவில்லை. எலக்ட்ரீஷியனை மூன்று முறை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு விமர்சகர், சிற்பத்தில் என்னவோ குறைகிறது என்று எழுதினார். வேறு சமயமாக இருந்தால் ஹேமலதா ஒரு வாரம் சோறு தின்றிருக்க மாட்டாள். இப்போது பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊர் பஸ் ஏறினாள்.

அவள் தெருவுக்குள் வந்தபோது மணி ஒன்றரை. ஒன்றுமில்லாத தெருமுனையிலிருந்து நிழல் நீண்டு கிடந்தது, அதற்குள் அரக்கு நிறப் பாவு ஒன்று. பூங்காவனம் இழையிலிருந்து கண்ணை எடுக்காமலே கூப்பிட்டாள்.

“வெயில்ல நிக்கிறியே கண்ணு. உன் நெழல்தானே, வந்து நில்லு.”

ஹேமலதா பையை இறக்கி வைத்துவிட்டுப் போய் நின்றாள். நல்ல குளிர்ச்சியாக இருந்தது.