நான்கும் வழிவிட்டன

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். பல் தேய்த்தான். பதினாறு பேட்டரிகளையும் சார்ஜரிலிருந்து கழற்றிப் பெட்டியில் அடுக்கினான். காபி குடித்தான். சூடாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான்.

மாமனார் காரில் காத்திருந்தார். முப்பது வருடம் போக்குவரத்துப் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் இறந்த பிறகு மருமகன் இரண்டு முறை சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனது காதுக்கு எட்டியதும், "என் சர்வீசுக்கே அவமானம் மாப்ள" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டார். எட்டு மாதமாக அவர்தான் ஓட்டுகிறார்.

"பொத்தான் மாறியிருக்கு மாப்ள."

"இருக்கட்டும் மாமா."

"இருக்கட்டுமா? நீங்களே கோணலா நின்னா, உங்க டிரோன் எப்படி நேரா பறக்கும்?"

அன்றைக்கு ஒரு நாற்றுப்பண்ணையில் முதலாளி முன்னால் பறக்கவிட்டுக் காட்டவேண்டும்; நேராகப் பறந்தே ஆகவேண்டும். மோட்டார், இறக்கை, வயர் எல்லாம் அவன் கைவேலை. நான்கு டிரோன்களையும் ஒரே நேரத்தில், ஒன்றோடொன்று இடிக்காமல், வெவ்வேறு வேலை பார்க்கவைக்கும் புரோகிராம் அவன் மனைவி எழுதியது. இருவருக்கும் ஒரே அலுவலகம், எதிரெதிர் மேசை. அவள் போன பிறகு அதில் ஒரு கால்புள்ளியைக்கூட அவன் மாற்றவில்லை. பிறரை மாற்ற விடவும் இல்லை. முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு முந்தின நாள் சொல்லிவிட்டார்: "நாளைக்குச் சொதப்புச்சுன்னா அதத் தூக்கிட்டு, கடையில விக்கிறத வாங்கிப் போட்டுடுவேன் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

நாற்றுப்பண்ணையில் இரண்டு கண்ணாடிக் கூடங்கள், நடுவே ஒரே ஒரு வாசல். முதல் டிரோன் நீர் தெளித்தது. இரண்டாவது நாற்றுகளை எண்ணியது. மூன்றாவது நோய் கண்ட இலைகளைப் படமெடுத்தது. நான்காவது பருந்துபோலக் கத்திக் குருவிகளை விரட்டியது. முதல் கூடம் மணி மணியாக முடிந்தது.

"நாலு மருமகளும் ஒத்துமையா வேலை செஞ்சு இப்பத்தான் பாக்குறேன்" என்றார் பண்ணைக்கார அம்மா.

கண் பட்டதுபோல் ஆயிற்று. அடுத்த கூடத்துக்குப் போக நான்கும் ஒன்றாக வாசலுக்கு வந்தன. நான்கும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் பின்வாங்கின. மறுபடி வந்தன. மறுபடி வழிவிட்டன.

"என்னங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி 'நீங்க முதல்ல, நீங்க முதல்ல'ன்னு நிக்குதுங்க?" என்றார் பண்ணைக்கார அம்மா.

நீர் தெளிக்கும் டிரோன் பின்வாங்கி நின்றது முதலாளியின் தலைக்கு நேர் மேலே. நாற்று இல்லாத இடத்தில் நீரை வீணாக்காதே என்பது அதற்கு விதி. அவருடைய வழுக்கையில் மிச்சமிருந்த நாலு முடியை அது நாற்று என்றே எடுத்துக்கொண்டது.

"தம்பி!" முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேட்டரி எவ்வளவு இருக்கு?"

"நாலு நிமிஷம்."

"அப்ப அந்தப் புரோகிராமுக்கும் நாலு நிமிஷம்தான்."

மடிக்கணினியைத் திறந்தான். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. யார் முதலில் போவது என்ற இடத்தில் நான்குக்கும் ஒன்று என்றே போட்டிருந்தாள். நான்கு எண்களை மாற்றினால் போதும். விரல் விசைமேல் நின்றது. இறங்க மறுத்தது.

இதற்குள் மாமனார் வாசலுக்கு நடுவே போய் நின்று, சட்டைப்பையிலிருந்த பழைய போலீஸ் விசிலை எடுத்து ஊதினார். ஒரு கையை நீட்டி மூன்றை நிறுத்தி, மறு கையால் ஒன்றை அழைத்தார். முப்பது வருடத்தில் எந்த லாரியும் அவரை இப்படி மதிக்காமல் விட்டதில்லை. பருந்துக் குரல் டிரோன் மட்டும் அவரைப் பெரிய குருவி என்று நினைத்து ஒரு கத்துக் கத்தியது.

குனிந்தபடியே ஓடிவந்தார்.

"மாத்திடுங்க மாப்ள."

"அவ எழுதினது மாமா."

"அவ எழுதினதுதான். அதுக்காக?" மூச்சு வாங்கினார். "ஒன்னு கேக்குறேன். அவ கடைசியா 'அப்பாவப் பாத்துக்கோ'ன்னு சொன்னதா சொன்னீங்களே. எனக்கு அன்னிக்கே நம்பிக்கை இல்ல. என்னப் பத்தி அவ அப்படிப் பேசற ஆளே கிடையாது. நெஜமா என்னதான் சொன்னா?"

அவன் வாயைத் திறந்தான். பொய் வரவில்லை. எட்டு மாதத்தில் முதல்முறையாக அந்த மருத்துவமனை நடைக்கூடம் முழுசாக நினைவுக்கு வந்தது. ஸ்ட்ரெச்சர் நகர்கிறது, அவள் தலையைத் தூக்குகிறாள். அந்த வாக்கியத்தை அவன் அடியோடு மறந்துபோயிருந்தான்.

சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தட்டினான். டிரோன்கள் வரிசையாக வாசலைக் கடந்தன. முதலாளி தலையைத் துடைத்தபடி, "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"சொல்லுங்க மாப்ள" என்றார் மாமனார், விடாமல்.

சொன்னான்.

"இங்க பாரு, நாலுக்கும் ஒரே நம்பர் போட்டிருக்கேன், வாசல்ல மாட்டிக்கும். மாத்திடு. நான் வந்து பாக்கட்டும்னு வச்சிருக்காத."