அக்கரை மாடி வரைக்கும்

செக்கரக்கா டார்ச்சை டப்பாவோடு கண்ணாடி மேசைமேல் வைத்தாள். எரியவில்லையா என்று கடைக்காரர் கேட்டார். எரிகிறது, எரிவதில் ஒரு குறையும் இல்லை, போய்ச் சேரத்தான் மாட்டேன் என்கிறது என்றாள் அவள். அவர் அதை எடுத்து எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தார். சுவர் முழுக்க ஒரே நொடியில் வெள்ளையடித்ததுபோல் ஆயிற்று. அலமாரியில் இருந்த மிக்சி ஜாடிகளும் சுருட்டி வைத்த வயர்க் கட்டுகளும் பட்டப்பகலில் மாட்டிக்கொண்ட மாதிரி நின்றன. இதற்குமேல் ஒரு டார்ச் என்னதான் செய்யவேண்டும் என்பதுபோல் அவர் அவளைப் பார்த்தார். போன வாரம் அவரேதான் கடையிலேயே பெரிய நம்பர் இதுதான் என்று டப்பாவில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த லூமென் என்கிற வெளிச்சக் கணக்கைக் காட்டிக் கொடுத்திருந்தார். அவளும் நம்பரைப் பார்த்து வாங்கிப்போனாள். சோடா கம்பெனியில் பாட்டில் செக்கர் அவள்; செக்கரக்கா என்ற பேரே அதில் வந்ததுதான். வெளிச்சப் பலகைக்கு முன்னால் ஓடுகிற பாட்டில்களில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடித்துத் தள்ளுவதே அவள் பிழைப்பு. அப்படிப்பட்டவள் வெளிச்சத்தில் ஏமாந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

"எதுக்குக்கா இது? தோட்டத்துல பன்னி விரட்டவா?"

"ஆளப் பாக்கணும்."

"எங்க?"

"ஏரிக்கு அந்தப் பக்கம்."

கடைக்காரர் டார்ச்சை அணைத்தார். அந்தப் பக்கத்துக்குத்தான் பஸ் போகிறதே, சுற்றிக்கொண்டு போனாலும் நேரில் பார்த்துவிட்டு வந்துவிடலாமே என்று சிரித்தார்.

"பஸ்ல போனா கதவத்தான் பாக்க முடியுது" என்றாள் செக்கரக்கா.

அவர் சிரிப்பை அப்படியே மடித்து வைத்துக்கொண்டார். சொல்லத் தொடங்கினால் எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்கே தெரிந்ததில்லை.

அக்கரையில் இருந்தது அவள் தங்கை. சின்னவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற சைகையும் அவளுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய அப்பா செங்கல் சூளையில் காவலாளி. காயப் போட்ட கல்வரிசைகளுக்கு இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி என்று நின்றுகொண்டு அக்காவும் தங்கையும் தங்களுக்கென்று ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். அவ்வளவு தூரத்தில் விரல் தெரியாது; தோளிலிருந்து கை முழுசாகப் பேசினால்தான் உண்டு. தலையிலிருந்து இடுப்புவரை இரண்டு கையாலும் நீளமாக இழுத்தால் அக்காவின் சடை, அதாவது அக்கா. உள்ளங்கைகளைப் பூமியைப் பார்த்து இரண்டு தரம் அழுத்தினால் இரு, வருகிறேன். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டால் அண்ணன். அவன் எப்போதும் அப்படித்தான் நின்றான். இந்தப் பேச்சில் அவன் ஒரு வார்த்தைகூடக் கற்றுக்கொள்ளவில்லை. பெண்பிள்ளைகள் கொசு விரட்டுகிறார்கள் என்பான்.

அம்மா போனபிறகு சின்னவள் செக்கரக்காவோடுதான் இருந்தாள். அண்ணனுடைய மாமியார் படுத்த படுக்கையானதும், கொஞ்ச நாளைக்கு ஒத்தாசைக்கு இருக்கட்டும் என்று அவன் வந்து அழைத்துப்போனான். கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போயிற்று. முதலில் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளுடைய போன் பழுதாகிவிட்டது என்றான். சரி செய்து தருகிறேன் என்றால், அவளுக்கு எதற்கு போன், காதா கேட்கிறது என்றான். நேரில் போனால் வீட்டுக்குக் கீழேயே அவன் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. படியேறுவதற்குள் எதிரே வந்து நின்றுவிடுவான். ஒருதடவை தூங்குகிறாள் என்றான். அடுத்த தடவை சின்னவளைப் படிக்கு மேலிருந்த வாசல் கதவுக்குப் பக்கத்தில் கூட்டிவந்து தன் தோளோடு நிறுத்திக்கொண்டான். செக்கரக்கா கையைத் தூக்குவதற்குள் அவனே பேசினான்.

"நான் கேட்டுட்டேம்மா. அவளுக்கு இங்கதான் சந்தோஷமாம். உன்கூட வரலையாம்."

எந்தக் கையால் கேட்டாய் என்று அவள் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். சின்னவள் தரையைப் பார்த்தபடி நின்றாள். முந்தானையில் மருந்து நெடி. கதவு மூடிய பிறகும் செக்கரக்கா கொஞ்ச நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஒன்று மட்டும் உறுதிப்பட்டது. வருகிறாள், வரவில்லை, அது எதுவாக இருந்தாலும் சரி. இங்கேதான் இருப்பேன் என்று சின்னவள் கை சொன்னால் அப்புறம் ஒரு பேச்சில்லை. ஆனால் சொல்வது அவள் கையாக இருக்கவேண்டும்.

இருட்டுகிற நேரத்தில் சின்னவள் மாடிக்குத் துணி எடுக்க வருவாள். கிழவியின் விரிப்புகள் கொடி முழுக்கத் தொங்கும். ஏரி அந்த இடத்தில் இடுப்புபோல் ஒடுங்கியிருக்கும். இக்கரையில் பழைய பம்ப் ஹவுஸ் மேடையில் நின்றால் அண்ணன் வீட்டு வாசலும் மாடியும் நேரெதிரே. செக்கரக்காவுக்கு ஷிப்ட் முடிந்து அங்கே வந்து சேர்வதற்குள் எதிரே ஒரு கறுப்பு உருவம்தான் அசையும். அந்த உருவத்தின் மேல் வெளிச்சம் விழவேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது. கடையிலேயே பெரிய நம்பரை வாங்கிய அன்றே அங்கிருந்து அடித்துப் பார்த்தாள். படிக்கட்டும் பாசியும் தண்ணீரில் மிதந்த செருப்பும் பளிச்சென்று தெரிந்தன. நடு ஏரியில் வெளிச்சம் பனியோடு கலந்து பால்போல் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் மாடி இருந்த இடமே மறைந்துபோயிற்று. டார்ச் இல்லாமல் இருந்தபோதாவது உருவம் தெரிந்தது.

கடைக்காரர் இந்தத் தடவை டப்பாவைக் காட்டவில்லை. முன்பக்கம் கழற்றி உள்ளே இருக்கும் கிண்ணத்தைக் காட்டினார். ஆழமாக, அகலமாக, கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தால் வெளிச்சம் சிந்தாமல் ஒரே கோடாகப் போகுமாம். ஆரஞ்சுத் தோல் மாதிரிப் புள்ளிபுள்ளியாக இருந்தால் பக்கவாட்டில் பரவிவிடுமாம். எத்தனை மீட்டர் என்று டப்பாவில் போட்டிருக்கும் தூரத்தையும் நம்பக்கூடாது, அந்த எல்லையில் வெளிச்சம் நிலா மாதிரித்தான் இருக்கும், ஆள் தெரியவேண்டுமென்றால் அதில் பாதியைக்கூடக் கணக்கில் வைக்க முடியாது என்றார். போன தடவை ஏன் இதைச் சொல்லவில்லை என்று அவள் கேட்டதற்கு, போன தடவை நீ கதவைச் சொல்லவில்லையே அக்கா என்றார்.

இருட்டியதும் இருவரும் கடை மொட்டைமாடிக்கு ஏறினார்கள். தெருக்கோடியைத் தாண்டி, மைதானத்தையும் தாண்டி ஒரு தண்ணீர்த் தொட்டி நின்றது. அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவள் தொட்டியில் ஏறும் இரும்பு ஏணியில் அடித்துப் பார்த்தாள். ஒன்றில் நடுவில் பொட்டும் சுற்றி இருட்டு வளையமும் விழுந்தது, தள்ளினாள். ஒன்று கொஞ்ச நேரத்தில் சூடேறித் தானாகவே மங்கியது. பேசி முடிக்குமுன் அணைகிறவர்கள் தன் குடும்பத்திலேயே போதுமான அளவு உண்டு என்று அதையும் தள்ளினாள். ஒன்று நீலம் பாய்ந்த வெள்ளை. ஏணி எட்டியது, ஆனால் படிகள் ஒன்றோடொன்று கரைந்து தெரிந்தன. கடைசியாக எடுத்தது கனமாக, வாய் அகன்று, லேசான மஞ்சளாக இருந்தது. ஏணியின் ஒவ்வொரு படியும் தனித்தனியாக எழுந்து நின்றது. நடுவில் ஒரு படி வளைந்திருந்ததுகூடத் தெரிந்தது.

"ஆனா பக்கத்துல ஒண்ணும் தெரியாதுக்கா இதுல. காலடியில பாம்பு கெடந்தாலும் தெரியாது."

"காலடி எனக்குப் பழக்கந்தான். இதையே குடுங்க."

அவள் வீட்டுக்காரருக்கு இதில் ஒட்டுமில்லை உறவுமில்லை. மினி லாரி ஓட்டுகிறவர். மச்சானிடம் வம்பு வைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே அவருடைய நெடுநாள் கொள்கை. புது டார்ச்சைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, இதை உன் அண்ணன் தலையில் போட்டால் வேலை சீக்கிரம் முடியுமே என்று மட்டும் சொன்னார். மறுநாள் அவள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தபோது கம்பெனி வாசலில் லாரியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மேடையில் பாசி வழுக்கும், அதற்காகத்தான் வந்தேன் என்றார். லாரி கிளம்பியது. அவள் மடியில் டார்ச்சை வைத்துக்கொண்டு, கேட்கப்போகிற ஒரே கேள்வியைக் கையால் சின்னதாக ஒத்திகை பார்த்தாள். அங்கே, இங்கே, பிறகு எது வேண்டும் என்று விரித்த இரண்டு கை.

மாடியில் உருவம் அசைந்துகொண்டிருந்தது. அவள் டார்ச்சைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் ஏரிமேல் ஒரு கம்பிபோல் நேராகப் போய்ச் சேர்ந்தது. விரிப்பின் மடிப்பு, கொடிக்கம்பி, நடுவில் சின்னவள். அவள் இளைத்திருந்தாள். இத்தனை தூரத்திலும் அது தெரிந்தது. செக்கரக்கா ஒற்றைக் கையைத் தூக்கி ஆட்டினாள். சின்னவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். இன்னும் வேகமாக ஆட்டினாள். சின்னவள் பின்வாங்கி ஒரு விரிப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் நிற்பது யார் என்று அந்தப் பக்கம் நிற்பவளுக்கு எப்படித் தெரியும்? அவளைப் பொறுத்தவரை இருட்டில் ஒரு ஓட்டை எரிகிறது, அவ்வளவுதான். தினமும் பாட்டிலை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறவள், பாட்டில் தன்னைப் பார்க்கவேண்டும் என்று யோசித்ததேயில்லை. சின்னவளை இன்னொருத்தி மிரட்டவும் வேண்டுமா என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. தன் மேலேயே கோபம் வந்தது. டார்ச்சை மேடைச் சுவரில் வைத்து, இரண்டு கல்லை அடியில் கொடுத்து, வெளிச்சம் மாடியின் கைப்பிடிச் சுவரில் மட்டும் விழும்படி தாழ்த்தினாள். இப்போது இரண்டு கையும் காலி. ஆனால் அவள் நின்றது முழு இருட்டில்.

பின்னால் லாரி உறுமியது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாரோ என்று திரும்பினாள். வீட்டுக்காரர் வண்டியைக் கரையோரமாக வளைத்துக் கொண்டுவந்து பக்கவாட்டில் நிறுத்தினார். இரண்டு ஹெட்லைட்டும் அவள்மேல் விழுந்தன. அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்கரக்கா தலையிலிருந்து இடுப்புவரை இரண்டு கையாலும் நீளமாக இழுத்தாள். சடை. மறுபடி இழுத்தாள். தோளிலிருந்து இழுத்தாள். சூளை மைதானத்தில் இழுத்த மாதிரி இழுத்தாள்.

விரிப்பு விலகியது. சின்னவள் சுவரோரம் வந்து நின்றாள். அவளுடைய இரண்டு கையும் தலைக்குப் போய், மெதுவாக இடுப்புவரை இறங்கின.

அதன்பிறகு செக்கரக்கா கேட்டாள். அங்கே. இங்கே. விரித்த இரண்டு கை. கேட்டுவிட்டு அந்தக் கைகளை இறக்காமலே நின்றாள். சின்னவள் அசையவில்லை. இவ்வளவு நேரம் எதற்கு? கிழவியை விட்டு வர மனமில்லையோ, அண்ணன் சொன்னதுதான் நிஜமோ, ஊர் பார்க்க அவமானப்பட இத்தனை ஏற்பாடோ என்று என்னென்னவோ ஓடியது. ஓடட்டும் என்று விட்டாள். விரித்த கைகள் வலித்தன. அவற்றில் எதை வைத்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

மாடிக் கதவு திறந்து அண்ணன் வெளியே வந்தான். சின்னவளுக்கு முன்னால் வந்து வெளிச்சத்துக்கு நடுவில் நின்று கண்ணைச் சுருக்கினான். ஹெட்லைட்டில் நிற்பது யார் என்று தெரிந்ததும் வாயைத் திறந்து கத்தினான். ஏரியைத் தாண்டி ஒரு எழுத்துகூட வந்து சேரவில்லை. அணை, போ, உள்ளே போ என்று கையை வீசினான். எந்தப் பேச்சிலும் சேராத வீச்சு. லாரியிலிருந்து வீட்டுக்காரர் குரல் மட்டும் வந்தது.

"உங்க அண்ணனுக்குக் கொசு ஜாஸ்தியா இருக்கும்போலருக்கே."

அவள் போன் அடித்தது. திரையில் அண்ணன். எடுக்கவில்லை. இத்தனை வருடமும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே பேசினான். இன்றைக்குக் கொஞ்ச நேரம் வாயில்லாமல் நிற்கட்டும். போனைக் கவிழ்த்துச் சுவரில் வைத்துவிட்டு மறுபடி கேட்டாள். அங்கே. இங்கே. இன்னும் பெரிதாக.

சின்னவள் தோளில் போட்டிருந்த துணிக்கட்டைத் தரையில் போட்டாள். அண்ணனைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். அவன் அவள் தோளைப் பிடித்தான்; தோளை உதறினாள். ஏரியைக் காட்டினாள், அக்காவைக் காட்டினாள், இரண்டு கையையும் தன் மார்புக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கைகளைக் கீழே பார்த்து இரண்டு தரம் அழுத்தினாள். இரு, வருகிறேன்.

சின்னவள் மாடிக் கதவுக்குள் மறைந்தாள். அண்ணன் ஒரு கணம் இந்தக் கரையைப் பார்த்துவிட்டு அவள் பின்னால் ஓடினான். வெளிச்சத்தில் கொடியும் விரிப்புகளும் தரையில் கிடந்த கட்டும் மட்டும் இருந்தன.

வீட்டுக்காரர் இறங்கி வந்து சுவரிலிருந்த டார்ச்சை எடுத்தார். கையால் மூடாமல், ஆட்டாமல், பாரம் தூக்கிப் பழகியவர்போல் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அடிக்கட்டும்?"

"கீழ வாசக் கதவுல" என்றாள். "எடுக்காதீங்க. அதுலயே இருக்கட்டும்."

வெளிச்சம் மாடியிலிருந்து இறங்கி, கடையின் இழுத்துவிட்ட ஷட்டரைத் தடவி, படிகளை ஒவ்வொன்றாகத் தாண்டிக் கதவில் போய் நின்றது. வட்டத்தின் நடுவில் தாழ்ப்பாள் மின்னிக்கொண்டிருந்தது.