அனாபா மரியாதையாகப் பேசிய மதியம்

கழுதை சறுக்கியபோது கயிற்றை விட்டிருக்க வேண்டும். அனாபா விடவில்லை. கழுதை பள்ளத்தில் விழுந்து செத்தது, அதன் முதுகிலிருந்த தண்ணீர்த் தோல்பைகள் கிழிந்தன, இவன் கணுக்காலும் உடைந்தது. அது நேற்றுக் காலை.

அனாபா என் மாமன் மகன். சஹாரா பாலைவனத்து எங்கள் துவாரெக் ஜனங்களில் மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரையொருவர் வைதுகொள்ளாமல் பேசினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். நேற்று முழுக்க அனாபா என் முதுகில் தொங்கிக்கொண்டே வைதான்.

"உன்னைவிட அந்தக் கழுதை நல்லா நடந்துச்சுடா, உக்ஸெம்."

"அதான் செத்துப் போச்சு. வாயை மூடிட்டு வா."

படமெடுக்க வரும் வெளியூர்க்காரர்களுக்காக ஓர் ஓவியச் சுவரைத் தேடித்தான் புறப்பட்டோம். செத்துப்போன என் மாமா மட்டும் பார்த்த சுவர் அது. பாறைக் குடைவில் சிவப்பு மாடுகள், அதன் அடியிலேயே வற்றாத சுனை என்று சொல்லியிருந்தார். இப்போது ஓவியம் யாருக்கு வேண்டும்? சுனை கிடைத்தால் போதும். ஊர் திரும்பும்வரை தண்ணீரில்லாமல் உயிர் தாங்காது. ஆனால் தஸ்ஸிலி மேட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே பாறை, அதே குடைவு. நுழைந்து பார்த்த ஒவ்வொன்றும் வெறும் சுவர்.

இன்று வெயில் உச்சிக்கு ஏறியபோது அனாபா பேச்சை நிறுத்தினான். வெகுநேரம் கழித்து என் காதருகே சொன்னான்:

"உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

சட்டென்று நின்று தலையைத் திருப்பினேன்.

"டேய், என்னடா பேசுற? என் மூக்கைப் பத்தி ஏதாவது சொல்லு."

"நீங்க நல்ல மனுஷன். அல்லா உங்களை நல்லா வச்சிருக்கணும்."

அவனை ஒரு பாறை நிழலில் கிடத்திவிட்டு ஓடினேன். குடைவு குடைவாகத் தலையை நுழைத்தேன். கடைசியில் மாடுகள் இருந்தன. சிவப்பு மாடுகள், மடி பெருத்து, கன்றுகளோடு, மந்தை மந்தையாக. அடியில் சுனை இருந்த இடத்தில் மணல். வரைந்தவன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அறைந்திருப்பேன்.

மண்டியிட்டுத் தோண்டினேன். நகம் பிய்ந்தது. முழங்கை ஆழத்தில் ஈரம், அதற்கும் கீழே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசிந்தது. முதலில் நான் நக்கினேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு வாயையும் சேர்த்து மூடியிருந்த தலைப்பாகையை அவிழ்த்து நனைத்துக்கொண்டு திரும்பி ஓடினேன்.

எங்களில் ஆண்பிள்ளை வாய் தெரிய வெளியே நடமாட மாட்டான். என் திறந்த முகத்தைப் பார்த்ததும் அனாபா கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். உயிர் இருந்தது. அவன் முகத்துணியை இழுத்துக் கீழே தள்ளி, உதட்டில் பிழிந்தேன். முதல் தண்ணீர் வழிந்து தாடியில் போனது. அடுத்தது தொண்டைக்குள் இறங்கியது. இன்னும் கொஞ்சம் பிழிந்தேன். அதோடு துணி காய்ந்துவிட்டது.

எழப்போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். நிற்கத் தெம்பில்லாதவனுக்கு இத்தனை பிடி எங்கிருந்து வந்ததோ.

"போகாதீங்க. தனியாச் சாகப் பயமா இருக்கு."

"போனாத்தான்டா தண்ணி. விடு."

அவன் விடவில்லை. அழுதுகொண்டே அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.