லேஸ் இல்லாத எடை

மாதிரிப் பிரிவில் அவருக்குக் கிராம் அண்ணன் என்று பெயர். இருபத்தெட்டு வருடமாக அந்தத் தொழிற்சாலையில் தைத்த கால்பந்து பூட்ஸ் ஒவ்வொன்றும் முதலில் ஏறி உட்கார்ந்தது அவருடைய தராசில்தான். அவருடைய அப்பா அதே தொழிற்சாலையின் கேட்டில் காவல் நின்றவர். உள்ளே நடந்தது வெளியே போகாத குடும்பம் என்று மேலிடத்தில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது அவர் முதுகு இன்னும் நிமிரும்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை வாய் விட்டார், அதுவும் தம்பியிடம். ஒரு காலத்தில் மைதானத்தின் வலது ஓரத்தில் பறந்து பறந்து ஆடியவன். சர்க்கரை நோய் முற்றி இடது காலை எடுத்த பிறகு, மூன்று வாரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தான். ஞாயிறு மதியம் கட்டிலோரம் உட்கார்ந்து அண்ணன் சொன்னார்:

“புதுசா ஒன்னு வருதுடா. நூத்தி நாப்பத்தாறு கிராம். கையில எடுத்தா எடுத்த மாதிரியே இல்ல.”

தம்பி இந்தப் பக்கம் திரும்பினான்.

வியாழக்கிழமைக்குள் அந்தச் செய்தி ஊரெல்லாம் கைபேசிக்குக் கைபேசி தாவியது. ஆளுக்கொரு நிறம் சொன்னார்கள். எடையை மட்டும் யாரும் மாற்றவில்லை. மேலாளருக்கு அது போதும். கம்பெனித் தாள்களில் இருந்தது லேஸோடு சேர்த்த எடை, நூற்று ஐம்பத்திரண்டு. லேஸ் கோப்பதற்கு முன் ஒருமுறை நிறுப்பது தராசு மேசையின் பழக்கம். அந்த எடை பலகையில் ஏறி, மாலைக்குள் அழிந்துவிடும். மேசையில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கிராம் அண்ணன், லேஸ் கோக்கும் அக்கா.

அண்ணனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அவள் சிவந்த கண்ணோடு திரும்பி வந்தாள்.

“இன்னையோட நின்னுக்கச் சொல்லிட்டாங்கண்ணே. அந்த பூட்ஸ்ல எத்தனை ஓட்டைன்னு கேட்டா சொல்வேன். எடை எல்லாம் நான் எங்க பார்த்தேன்?”

அவர் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“சொன்னது நான்தான்.”

மேலாளர் சிரித்தார். “அந்தம்மா மேல இரக்கப்பட்டுப் பேசுறீங்க. உங்க குடும்பத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

கட்டிக் காத்த பெயரே குறுக்கே வந்து நின்றது. கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஞாயிறு மாலை, பழைய ஆட்டக்காரர்களின் குழுவில் தம்பி எழுதியது: ‘எங்க அண்ணன் நிறுத்த பூட்ஸ். 146 கிராம். வேற யாருக்கும் தெரியாது.’ அன்றைக்கே அவர் அதைப் பார்த்திருந்தார். ‘எங்க அண்ணன்’ என்று எழுதியிருந்ததால் அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை.

மேலாளர் இரண்டு முறை படித்தார். அக்கா நாளைக்கு வேலைக்கு வரலாம் என்றார். பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்காமல், அடையாள அட்டையை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். அப்பா நின்ற கேட்டில் காவலாளி வழக்கம்போல் எழுந்து வணக்கம் வைத்தார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

வீட்டில் தம்பி சவரம் செய்து முடித்து, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

“எல்லாரும் அதைப் பத்திதான் பேசுறாங்கண்ணே. கடைக்கு வந்ததும் எனக்கு வாங்கிக் குடு. வலது மட்டும் போதும், பாதி விலைக்குக் கேளு.”

அண்ணனும் சிரித்துவைத்தார்.

“நாளைக்கு எதை நிறுக்கப் போறே?”

“நாளைக்கு லீவுடா.”

“லீவா? நீயா?”

தம்பி அவரையே பார்த்தான். அவன் முகத்துச் சிரிப்பு மெல்ல வடிந்தது. அண்ணன் குனிந்து, கால் இல்லாத பக்கம் சரிந்திருந்த போர்வையை இழுத்துச் சரிசெய்தார்.