பாதிரியாரின் மோதிர விரல்

ஓரின் டாஸ்கர் நூற்றுப் பதினேழு படங்களில் நடித்தார். அவற்றில் குறைந்தது எண்பது படங்களில் யாருக்கோ கதவைத் திறந்துவிட்டிருப்பார். மீதிப் படங்களில் ரயில் நடத்துனர், மருந்துக்கடைக்காரர், ஓட்டல் குமாஸ்தா, இரண்டு முறை நீதிபதி. தெருவில் பார்ப்பவர்கள் நின்று அவர் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். "நீங்க எங்க ஊர் பல் டாக்டர்தானே?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். அவர் தொப்பியைக் கழற்றி, "ஆமாங்க, பல்லெல்லாம் நல்லா இருக்கா?" என்றார்.

அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஒரு காலையில் அவர் மனைவி வின்னி சமையலறையில் காபி ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவர் தன்னை எப்படிக் கூப்பிடுவார் என்று நினைத்துப் பார்த்தாள். குரல் வரவில்லை. இருமல் வந்தது. செருப்பை இழுத்து நடக்கும் சத்தம் வந்தது. பின்கதவை அவர் தோளால் தள்ளும் சத்தம்கூட வந்தது. குரல் மட்டும் வரவில்லை. கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முப்பது வருடமாக ஊர் ஊராகக் கொட்டகைகளில் பேசிய குரல் அது. வீட்டில் அதில் ஒரு துண்டு இல்லை.

அந்த நாற்காலியில்தான் அவள் இருபத்தாறு வருடம் அவரோடு வசனம் ஒத்திகை பார்த்தாள். துணை நடிகருக்கு முழுக் கதையையும் யாரும் தருவதில்லை. அவர் வரும் பக்கங்களை மட்டும் பிய்த்துக் கொடுப்பார்கள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அவள் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியின் வசனத்தைப் படிப்பாள், அவர் பாத்திரம் துடைத்துக்கொண்டே பதில் சொல்வார். இன்சூரன்ஸ் ஆபீசில் சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த வின்னி இப்படித்தான் மகாராணியாகவும் கொள்ளைக்காரனாகவும் வங்கி முதலாளியாகவும் வாழ்ந்தாள்.

கதை முழுதாகத் தெரியாததால் மீதியை ஓரினே இட்டுக்கட்டுவார். ஒரு படத்தில் சாதுவான மருந்துக்கடைக்காரராக நடித்தார். அந்த ஆளுக்கு ஒரு நொண்டி மகள், தேவாலயத்தில் பாட்டு என்று வீட்டில் அவ்வளவு கதை சொன்னார். படம் வந்தபோது இருவரும் போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் துப்பறிபவர் எழுந்து நின்று, நான்கு பேருக்கும் விஷம் வைத்தது அந்த மருந்துக்கடைக்காரன்தான் என்றார். "அடப்பாவி, நானா!" என்று ஓரின் கத்திவிட்டார். முன்வரிசை முழுதும் திரும்பிப் பார்த்தது.

ஆக, மற்றவர்கள் பேசியதெல்லாம் வின்னிக்கு மனப்பாடம். அவர் பேசியதை அவள் மனப்பாடம் செய்ய வேண்டியே இருக்கவில்லை. அதைப் பேச அவர்தான் இருந்தாரே.

இரண்டு வாரம் கழித்துச் செய்தித்தாளில் டெலிவிஷன் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தாள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓரின் நடித்த ஒரு கப்பல் படம் என்று போட்டிருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் எடுத்த படம். ஓரின் அதில் கப்பலில் பயணம் செய்யும் கத்தோலிக்கப் பாதிரியார். புயலடிக்கும் இரவில் கேப்டனின் அறைக்கு வந்து, தனக்குக் கடலென்றால் பயம் என்று ஒப்புக்கொள்ளும் காட்சி. நாலு நிமிடம் பெரும்பாலும் அவரே பேசுவார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசியது அந்த ஒரு படத்தில்தான். ஒரே தடவையில் எடுத்தார்கள். முடிந்ததும் விளக்குப் பிடிப்பவர்கள் மேலே பலகையில் நின்று கை தட்டினார்கள் என்று வீட்டுக்கு வந்து மூன்று தடவை சொன்னார்.

வின்னி அந்தப் பட்டியலைக் கத்தரித்து ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். பிறகு இரண்டு பேருக்குத் தொலைபேசியில் பேசினாள்.

ஒருவர் கிளைட் ரம்ஸி. ஓரினைப் போலவே உயரம், ஒல்லி, நரை. ஒரே வேலைக்கு இரண்டு பேரையும்தான் கூப்பிடுவார்கள். ஓரினுக்குக் கிடைத்தால் கிளைட் வீட்டில் இருப்பார், கிளைட்டுக்குக் கிடைத்தால் ஓரின் எலுமிச்சைச் செடிக்குத் தண்ணீர் விடுவார். அப்போதும் தொலைபேசி மணியடித்தால் கேட்கட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைத்திருப்பார். இன்னொருவர் எட்னா பிரில். கப்பல் படத்தில் அவள் தொடர்ச்சி பார்க்கிறவள். முதல் நாள் மூன்று பொத்தான் போட்டிருந்த சட்டையில் மறுநாளும் மூன்றுதானா, சிகரெட் எவ்வளவு எரிந்திருந்தது, கடிகாரத்தில் மணி என்ன என்றெல்லாம் எழுதிவைப்பது அவள் வேலை. கழுத்தில் எப்போதும் ஒரு நிறுத்துக் கடிகாரம் தொங்கும். ஓய்வு பெற்ற பிறகும் அதை அவள் கழற்றவில்லை.

அவர் குரலைக் கேட்கத்தான் கூப்பிடுகிறேன் என்று வின்னி இருவரிடமும் சொல்லவில்லை. சும்மா சேர்ந்து பார்க்கலாம் என்றாள்.

சனிக்கிழமை எட்னா உருளைக்கிழங்கு சாலடும் கிளைட் ஒரு பன்றித்தொடையும் கொண்டுவந்தார்கள். வின்னி எலுமிச்சை கேக் செய்திருந்தாள்.

"என்னம்மா வின்னி, அவன் நாற்காலியில உக்காரலாமா?" என்றார் கிளைட்.

"உக்காருங்க. வேற எங்க உக்காருவீங்க?"

"அவன் போன பிறகு அவன் வேலையெல்லாம் எனக்குத்தான் வருது. நாற்காலியும் வந்திருச்சு."

"யோவ், வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு," என்றாள் எட்னா. "நீ செத்திருந்தா அவன் உன்னைப் பத்தி இப்படியா பேசியிருப்பான்?"

"இதைவிட மோசமா பேசியிருப்பான். என் சாவுக்கு என் கோட்டையே போட்டுட்டு வந்திருப்பான்."

வின்னி சிரித்துவிட்டாள். ஓரினின் நீளவால் கோட்டுகள் இரண்டும் இன்னும் அலமாரியில் தொங்கின. சமையல்காரராக நடிப்பவருக்கு ஸ்டூடியோ உடுப்புத் தரும். வாசலில் நிற்கும் பட்லராக நடிப்பவர் தன் கோட்டைத் தானே கொண்டுவர வேண்டும்.

படம் தொடங்கியது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை விளம்பரத்தில் மெத்தை விற்பவன் ஒருவன் வந்து மெத்தையின் மேல் குதித்தான்.

"இவனுக்கு எவ்வளவு நேரம் குடுக்கிறாங்க பாரு," என்றாள் எட்னா. கை தன்னால் கழுத்துக் கடிகாரத்துக்குப் போனது. "படம் தொண்ணூத்தாறு நிமிஷம். இவங்க ஒதுக்கினது ஒண்ணரை மணி. இதுல மெத்தை வேற. எங்கேயோ கத்திரி வெச்சிருக்காங்க, வின்னி."

அதை வின்னி யோசித்திருக்கவே இல்லை. நாலு நிமிடக் காட்சியில் யாராவது கை வைப்பார்களா?

கத்தரிக்கோலிலிருந்து தப்ப ஓரினுக்கு ஒரு வழி தெரியும். எல்லாத் துணை நடிகர்களுக்கும் தெரிந்ததுதான், ஆனால் அவர் அதை விடாமல் செய்வார். பெரிய நடிகரின் கையில் எதையாவது கொடுத்துவிடுவார். தொப்பி, சாவி, கடிதம், குடை. "என் பேச்சை வெட்டட்டும். தொப்பி இல்லாம அவன் எப்படி வாசலைத் தாண்டுவான்?" என்பார்.

திரையில் புயல் வந்தது. கேப்டன் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தான். கதவு தட்டும் சத்தம்.

வின்னி முன்னால் சாய்ந்தாள். கைக்குட்டையைச் சுருட்டிக்கொண்டாள். கிளைட் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்.

கேப்டன் தலையைத் தூக்கினான். மெத்தைக்காரன் குதித்தான். அவன் போன பிறகு, கேப்டன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இடது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. ஒரு விளக்கைக் கேப்டனிடம் கொடுத்தது. கேப்டன் அதை வாங்கிக்கொண்டு மழைக்குள் போனான்.

அவ்வளவுதான்.

"எங்க அவன்?" என்றார் கிளைட். "அடேய், பாதிரியாரை எங்கடா போட்டீங்க?"

எட்னா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அங்கே இப்போது வெறும் மழைதான் இருந்தது. "மோதிரம்," என்றாள். "வின்னி, பாத்தியா?"

வின்னி பார்த்திருந்தாள். விளக்கின் வெளிச்சம் விரலில் பட்டு மின்னிய ஒரு கணம். கல்யாண மோதிரம்.

பாதிரியாராகவோ பட்லராகவோ போகும் நாளில் ஓரின் வாசலில் நின்று மோதிரத்தைக் கழற்றி அவளிடம் தருவார். அவள் அதைச் சமையலறை ஜன்னலில் ஒரு சின்னத் தட்டில் வைப்பாள். அந்த நாலு நிமிடப் பேச்சு நாளில் அவர் விடியும் முன்பே எழுந்து, முணுமுணுத்துக்கொண்டே காரில் ஏறிப் போனார். தட்டு காலியாக இருந்திருக்க வேண்டும். அவள் கவனிக்கவில்லை.

"அது என் தப்பு," என்றாள் எட்னா. "பொத்தானையும் விரலையும்தான் நான் பாக்கணும். மூஞ்சியைப் பாக்கிறது என் வேலையே இல்ல. அன்னிக்கு அவன் பேச ஆரம்பிச்சதும் நோட்டுப் புத்தகம் மடியில கிடந்தது. நான் பாட்டுக்கு டிக்கெட் வாங்கி வந்தவ மாதிரி உக்காந்து அழுதுட்டு இருந்தேன். மறுநாள் போட்டுப் பாக்கிறப்பதான் மோதிரம் கண்ணுல பட்டுது. சொன்னா மறுபடி எடுக்கணும். அது மறுபடி வருமா? சொல்லாம விட்டுட்டேன்."

"கத்தோலிக்கப் பாதிரியார் கையில கல்யாண மோதிரம். இருபத்திரண்டு வருஷமா ஒருத்தரும் கேக்கலையா?" என்றார் கிளைட்.

"அயோவாலேருந்து ஒரு கன்னியாஸ்திரி கடுதாசி போட்டாங்க. கிழிச்சுட்டேன்."

கிளைட் தொலைபேசிக்குப் போய் டெலிவிஷன் நிலையத்தைக் கூப்பிட்டார். நீதிபதி வேடத்தில் பேசும் குரலை எடுத்துக்கொண்டார். "ஐயா, ஒரு மனுஷனை வெட்டிட்டு மெத்தையைப் போட்டிருக்கீங்க... என்னது? இல்ல, எனக்கு மெத்தை வேணாம்!" வைத்துவிட்டார்.

திரையில் படம் தொடர்ந்து ஓடியது. வின்னி போய் அதை அணைத்தாள்.

"எனக்குக் கை இருக்கு," என்றாள். "கை ஞாபகம் இருக்கு. குரல்தான் போயிருச்சு. மூணு வாரமா தேடறேன். அதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். தனியா கேக்கப் பயமா இருந்தது."

எட்னா கேக் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளைட் தன் நீளமான கைகளைப் பார்த்தார்.

"அந்தப் பக்கங்கள் வெச்சிருக்கியா?" என்றார்.

மேசை டிராயரில் அடியில் இருந்தன. நான்கு நீலத் தாள்கள். அவர் போன பிறகு அவள் அவற்றைத் தொடவில்லை. மூவரும் சமையலறைக்குப் போனார்கள். வின்னி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளைட் தாளை ஒரு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், பாத்திரம் துடைக்கும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார்.

அவள் கேப்டனின் வசனத்தைப் படித்தாள். "என்ன ஃபாதர், தூக்கம் வரலையா?"

கிளைட் நெஞ்சை நிமிர்த்தினார். பிரசங்க மேடையில் நிற்பவரைப் போல முழங்கினார். "கடலைக் கண்டால் எனக்குப் பயம், கேப்டன்! நாற்பது வருஷமாகப் பயம்!"

"இல்ல," என்றாள் வின்னி.

"சரி, மறுபடி."

"என்ன ஃபாதர், தூக்கம் வரலையா?"

இந்தத் தடவை கிளைட் விம்மினார். கண்ணைத் துணியால் ஒற்றினார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

"ஐயோ, இல்ல கிளைட்! அவர் அழவே மாட்டார். ரொட்டிக் கடையில நின்னு ரொட்டி கேக்கிற மாதிரி சொல்வார். நடுவுல உதட்டை ஒரு தடவை ஈரப்படுத்திக்குவார். இப்படி." அவள் தாளைக் கீழே வைத்தாள். "'கடலைக் கண்டா எனக்குப் பயம், கேப்டன். நாப்பது வருஷமா... பயம். யார்கிட்டயும் சொன்னதில்ல.'"

சொல்லி முடித்ததும் அவள் அசையவில்லை. கடைசி வார்த்தையில் குரல் லேசாக மேலே ஏறி, கேள்வி மாதிரி நின்றது. அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. வாக்கியம் முடிந்த பிறகும் எதிராளி ஏதாவது சொல்வான் என்று காத்திருக்கும் அந்த ஏற்றம் ஓரினுடையது. 'வின்னி' என்று கூப்பிடும்போதும் கடைசியில் அதே ஏற்றம் இருக்கும். அவளுக்கு அது கேட்டது.

கிளைட் மெதுவாகத் தாளை எடுத்து, அடுத்த வரியைப் படித்தார். இப்போது அவர் கேப்டன். "பயம்னா ஏன் ஃபாதர் கப்பல்ல ஏறுனீங்க?"

அவள் பதில் சொன்னாள். தாளைப் பார்க்கவில்லை. வார்த்தை சில இடங்களில் மாறியிருக்கும். எட்னா அதைத் திருத்தவில்லை. நாலாவது பக்கத்தின் அடியில், பாதிரியார் விளக்கைக் கொடுக்கிறார் என்றிருந்தது. வின்னி பக்கத்தில் இருந்த காபிக் கெட்டிலை எடுத்து நீட்டினாள். கிளைட் அதை வாங்கிக்கொண்டு, பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்து, எலுமிச்சைச் செடிப் பக்கம் போய் வெயிலில் நின்றார்.

"மூணு நிமிஷம் ஐம்பத்திரண்டு," என்றாள் எட்னா. "அன்னிக்கு அவனுக்கும் அதேதான்."

நாலரை மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். வின்னி குழாயைத் திறந்து கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திறந்த ஜன்னல் வழியாக, காருக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் பேசியது கேட்டது.

"யோவ் கிளைட், முப்பது வருஷமா பாக்கிறேன். அவ்வளவு மோசமா நடிக்க நீ எங்க கத்துக்கிட்ட?"

"வாயை மூடு, எட்னா. அவளுக்குக் கேட்டுரும். வண்டியில ஏறு."

வின்னி குழாயை மூடவில்லை. தன் விரலிலிருந்த மோதிரத்தைச் சோப்பு நுரையோடு கழற்றி ஜன்னலில் இருந்த சின்னத் தட்டில் வைத்தாள். கோப்பைகள் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அதை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.