கரையும் பஞ்சு

கொழுந்தன் உக்கிரபாண்டி நீட்டிய பேனாவை முத்துப்பேச்சி வாங்கவில்லை. அவள் கண்கள் ஐஸ்பெட்டிக்குள் கிடந்த புருஷன் சீனிச்சாமியின் மேலேயே இருந்தன.

“புகாருல கையெழுத்தப் போடுங்க மதினி. அண்ணனை இப்ப மயானத்துக்குத் தூக்கப் போறதில்ல. நேரா அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசல்ல வைக்கிறோம். அந்தப் பொம்பள டாக்டரு வந்து பதில் சொல்லட்டும்.”

பந்தலில் பாலவனத்தம் ஊரே கூடியிருந்தது. பித்தப்பைக் கல் ஆப்பரேசனுக்கு நடந்து போன மனுசன், மறுநாள் வேனில் படுத்து வந்திருந்தார்.

“வயித்துக்குள்ள பஞ்ச வச்சுத் தச்சுட்டாளாம்ல. கேட்டா, தன்னால கரைஞ்சிருமாம்” என்றான் சீனிச்சாமியின் ஒன்றுவிட்ட அண்ணன் மகன் சுப்புராஜ்.

“பஞ்சு கரையுமாலே? முப்பது வருசம் மில்லுல பஞ்சத் தின்னு இருமுனவன் நான். என் நெஞ்சுக்குள்ள போனது இன்னும் கரையல” என்றார் உக்கிரபாண்டி.

முத்துப்பேச்சிக்கு ஆப்பரேசன் அறைக் கதவு நினைவுக்கு வந்தது.

ரெண்டு வருஷத்துக்கு முன் மதுரையில் அவர் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தார்கள். ஒரு நாள் விட்டாலும் அடைத்துக்கொள்ளும் என்றார்கள். இங்கே டாக்டரம்மா, “மதுரையில பேசிட்டேன், ஆப்பரேசனுக்கு முன்னாடி அஞ்சு நாள் நிறுத்தியே ஆகணும்” என்றாள். முத்துப்பேச்சி தலையாட்டினாள். நிறுத்தவில்லை. ‘வாயு மாத்திரை’ என்று சொல்லித் தினமும் நாக்கில் வைத்துவிட்டு, இடது கையால் டம்ளரை நீட்டினாள். அவர் கேள்வி கேட்காமல் விழுங்கினார்.

நேற்று டாக்டரம்மா பாதியில் வெளியே வந்தாள். கொழுந்தனும் பக்கத்தில் நின்றிருந்தார். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும்.

“ஈரலை ஒட்டி ரத்தம் கசியுதும்மா. கரையிற துணி வச்சு அமுக்கியிருக்கோம். அதை வெளிய எடுக்க வேண்டாம், உடம்பே கரைச்சிரும். ஆனா ரெண்டு வச்சும் நனைஞ்சு போகுது. உண்மையச் சொல்லுங்க, மாத்திரைய நிறுத்துனீங்கள்ல?”

அப்போது ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

“நிறுத்தியாச்சு” என்றாள் முத்துப்பேச்சி.

எல்லாம் முடிந்தபின் டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றாள். “எல்லாம் சரியாத்தான் செஞ்சோம். ஏன்னு தெரியலையே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மதினி, நேரமாகுது.”

“தம்பி, செத்த உள்ள வாங்க.”

அடுப்படியில் பெருங்காய டப்பாவைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ஐந்து குழிகள் காலி.

உக்கிரபாண்டி திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எப்பப் பிரிச்சது?”

“நிறுத்தச் சொன்ன அன்னிக்கு.”

வாசலில் கொட்டு அடிப்பவர்கள் டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள். கிளாஸ் சத்தம் மட்டும் கேட்டது.

“அண்ணனுக்குத் தெரியுமா?”

அவள் தலையை அசைத்தாள், இல்லையென்று.

“அந்த டாக்டரம்மா வெளிய வந்து கேட்டப்பயாவது சொல்லியிருக்கலாம்ல?”

“விட்டா நெஞ்சு நின்னுரும்னு மதுரையில சொன்னாக தம்பி. அந்த டாக்டரு பிள்ளைகிட்ட இத யாரு போயிச் சொல்லுறது?”

அவர் புகாரை நாலாக மடித்தார். அட்டையை அதற்குள் செருகிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

“என்ன சித்தப்பா, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லவா?” என்றான் சுப்புராஜ்.

“வேண்டாம். மயானத்துக்கே போகட்டும்.”

“அப்ப அந்தப் பஞ்சு?”

உக்கிரபாண்டி ஒரு தடவை இருமினார். “அது கரையும்லே.”

குளிப்பாட்டி, மாலை போட்டு, வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். கடைசி ஆளாக முத்துப்பேச்சி தலைமாட்டில் உட்கார்ந்தாள். பச்சரிசியைக் கிள்ளி எடுத்து, அவர் உதட்டை விலக்கி உள்ளே வைத்தாள். பழகின விரல்கள், ஒரு மணியும் சிந்தவில்லை.

“எந்திரிங்க மதினி” என்றார் உக்கிரபாண்டி.

அவள் எழவில்லை. அவளுடைய இடது கை, பக்கத்தில் இல்லாத டம்ளரைத் தேடித் தரையைத் தடவிக்கொண்டிருந்தது.