ஒரு கை தூரத்து எழுத்து

ஐம்பத்தொரு வயதில் டோரிஸுக்குக் கழுத்து வலி வந்தது. கண்ணைச் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை. நாற்காலியைக் குறை சொன்னாள், ஏர்கோன் குளிரைக் குறை சொன்னாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். கிள்ளான் துறைமுகத்துச் சரக்கு அலுவலகம் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கணினி முன் உட்கார்ந்திருப்பவள். 'டோரிஸ் கண்ணுக்கு எதுவும் தப்பாது' என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே முதலாளி திருச்செல்வம் அவளைக் கெடுத்து வைத்திருந்தார். அந்தப் பெயருக்குப் பங்கம் வரக்கூடாதே என்று, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பதினைந்து வெள்ளிக்கு வாங்கிய வாசிப்புக் கண்ணாடியை ஆள் பார்க்காத நேரத்தில் மட்டும் போட்டுக்கொள்வாள்.

தலைவலியும் சேர்ந்துகொண்ட பிறகுதான் பிரிக்பீல்ட்ஸில் ராதாகிருஷ்ணனின் கண்ணாடிக் கடைக்குப் போனாள்.

"எல்லாத்துக்கும் ஒரே கண்ணாடி. புரோகிரெஸிவ் போடுங்க," என்றாள்.

"போடலாம்க்கா. ரோட்டுக்கும் ஆகும், புக்குக்கும் ஆகும். ஆனா அதுல ஸ்கிரீன் பார்க்கிற இடம் நடுவுல கொஞ்சூண்டுதான். நாள் பூரா தாடையைத் தூக்கிக்கிட்டு அதைத் தேடுவீங்க. கழுத்து இன்னும் போகும்."

"அப்ப பைஃபோகல்?"

"மேல தூரம், கீழ கிட்ட. ஸ்கிரீன் ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கும் லா. உங்களுக்கு ஆபீஸ் லென்ஸ்தான் சரி. ஸ்கிரீனும் தெரியும், மேசையில இருக்கிற பேப்பரும் தெரியும். அதைப் போட்டுக்கிட்டு காடி மட்டும் ஓட்டாதீங்க."

மடிக்கணினியை ஒரு கை தூரத்தில் வைத்து, சில எண்களைக் காட்டினார். பாசார் மாலாம் கண்ணாடியோடு டோரிஸ் தயங்காமல் படித்தாள்: நான்கு, மூன்று, மூன்று, ஒன்று. பிறகு சோதனை லென்ஸை மாட்டினார். மூன்று என்று படித்த இரண்டும் எட்டாக இருந்தன.

"உங்க கண்ணாடி புக்கு தூரத்துக்கு உள்ளதுக்கா. ஸ்கிரீன் தூரத்துல எட்டும் மூணும் ஒன்னாத்தான் தெரியும்," என்றார்.

டோரிஸுக்கு எவலின் நினைவு வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த பண்டமாரான் ஊர்ப் பெண் அவள். எவலின் கணினியில் வரைவு தயாரிப்பாள், டோரிஸ் அதைப் பார்த்துச் சரக்குப் பத்திரத்தை அடிப்பாள். ஒருமுறை கண்டெய்னர் எண்ணில் எட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விழுந்து, ஒரு கண்டெய்னர் நிறைய மீன் துறைமுகத்திலேயே கிடந்து அழுகியது. வரைவிலேயே தப்பு என்றாள் டோரிஸ். அவள் சொன்னால் மறுபேச்சு ஏது, வரைவை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. எவலினுக்கு வேலை போயிற்று. பிறகு வேறு இரண்டு கம்பெனிகள் விசாரித்தபோதும், "கவனம் பத்தாது," என்று டோரிஸே தொலைபேசியில் சொன்னாள்.

ஆபீஸ் லென்ஸ் கைக்கு வந்த அன்றே அந்த வரைவைத் தேடித் திறந்தாள். எட்டு என்று பளிச்சென்று இருந்தது. எவலினுடைய வரைவில் பிழையே இல்லை.

திருச்செல்வத்திடம் போய் ஒளிக்காமல் சொன்னாள்.

"பழைய கதை, விடுங்க லா டோரிஸ்," என்றார் அவர்.

அவர் விட்டுவிடலாம். டோரிஸால் முடியவில்லை. எவலினை அழைத்தாள். அவள் இப்போது ஒரு கோழிக் கடையில் கல்லாவில் இருக்கிறாளாம். பின்னால் கோழி வெட்டும் சத்தம் கேட்டது.

"தப்பு என்னோடதுதாம்மா. நீ சரியாத்தான் போட்டிருந்த. இன்னைக்குத்தான் பார்த்தேன்."

எவலின் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேனே ஆன்டி. நீங்க டைப் பண்றப்ப பக்கத்துலதான் நின்னேன். 'அது எட்டு ஆன்டி'ன்னேன். 'எனக்குக் கண்ணு இல்லையா, போய் உன் வேலையைப் பாரு'ன்னீங்க. பாஸ்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன். அவர் உங்களைத்தான் நம்பினாரு."

அந்தக் கம்பெனிகளுக்குத் தானே எழுதிக் கொடுப்பதாக டோரிஸ் சொன்னாள். அந்த இடங்களுக்கு எப்போதோ ஆள் எடுத்துவிட்டார்கள் என்றாள் எவலின். "கஸ்டமர் நிக்கிறாங்க ஆன்டி, வச்சிடறேன்," என்று வைத்துவிட்டாள்.

டோரிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எவலின் பக்கத்தில் நின்றதும், எட்டு என்று சொன்னதும், தான் அவளை விரட்டியதும் எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்த பேச்சு, தனக்கு மறந்துபோகிற அளவுக்குச் சின்னதாக இருந்திருக்கிறது. அதை எண்ணித்தான் அவள் அழுதாள்.